மூன்று நாள் கழித்து வந்த முடிவு

ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்காவின் டேடோனா 500 கார் பந்தயத்தின் முடிவுப் பட்டியலைப் பார்க்கும்போது, 1959 பிப்ரவரி 22 அன்று நடந்த முதல் பந்தயத்தின் பட்டியலையும் எடுத்துப் படிப்பது என் வழக்கம்.

டேடோனாவும் நம் இராமநாதபுரக் கரையைப் போன்ற கடலோர ஊர்தான். 1958 வரை அங்கே கார்கள் சாலையில் ஒரு பாதியும் இறுகிய கடல்மணலில் மறுபாதியுமாக ஓடின. கடல் வற்றும் நேரம் பார்த்தே பந்தயத்தைத் தொடங்க முடிந்தது. 2017இல் அரிச்சல்முனைக்குச் சாலை திறக்கப்படுவதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில் தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்கு, ஈரமணல் சக்கரத்தைத் தாங்குவதும் காய்ந்த மணல் அதை விழுங்குவதும் நன்றாகவே தெரியும்.

மணலை விட்டு, வளைவுகளில் 31 பாகை சாய்ந்த இரண்டரை மைல் தார்த்தடத்துக்கு வந்த அந்த முதல் ஆண்டில் 59 கார்கள் புறப்பட்டன. 200 சுற்று, 500 மைல். ஆபத்து நேரத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி ஒருமுறைகூடக் காட்டப்படவில்லை. சராசரி வேகம் மணிக்கு 135 மைலுக்கும் மேல். கடைசியில் லீ பெட்டியின் ஓல்ட்ஸ்மொபைலும் ஜானி பூஷாம்பின் தண்டர்பேர்டும் ஒட்டியபடி கோட்டைக் கடக்க, சுற்றுக் கணக்கில் பின்தங்கியிருந்த ஜோ வெதர்லியின் காரும் அதே நொடியில் அவர்களுக்கு இணையாக வந்து சேர்ந்தது. பந்தயத்தை நடத்திய பில் பிரான்ஸ், பூஷாம்ப் வென்றதாக அறிவித்தார். பெட்டி அதை ஏற்கவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயம் ஒன்றில் இரண்டு வண்டிகள் இப்படி ஒட்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். சாலையின் இருபுறமும் நின்றவர்கள் வெவ்வேறு வண்டிகளைச் சொன்னார்கள். எவரும் பொய் சொல்லவில்லை. கோட்டுக்கு நேராக நில்லாமல் ஓரடி தள்ளி நின்றாலும் முந்திய வண்டி பிந்தியதாகத் தெரிந்துவிடும். அன்று தீர்த்துச் சொல்ல வழியில்லாததால் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒரு சாரதியின் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை.

பிரான்ஸ் பகிர்ந்து கொடுக்கவில்லை. நிழற்படங்களையும் செய்திப்படச் சுருளையும் வரவழைத்துப் பார்த்து, புதன்கிழமை, ஏறத்தாழ 61 மணி நேரம் கழித்து, பெட்டியே வென்றார் என்று தம் முதல் அறிவிப்பை மாற்றினார். விளம்பரத்துக்காக இழுத்தடித்தார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. கூட்டத்தின் முன் சொன்ன சொல்லைப் படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வது எளிய காரியமன்று.

அந்தப் பட்டியலில் பெட்டி முதலிடம், பூஷாம்ப் இரண்டாமிடம். கண்களைக் குழப்பிய வெதர்லி ஐந்தாமிடம். எஞ்சின் பழுதாகி எட்டே சுற்றில் நின்றுபோன பெட்டியின் மகன் ரிச்சர்டு அதில் 57ஆவது. பின்னாளில் அதே பந்தயத்தை ஏழு முறை வென்றவர் அவர்தான்.