பெரிய எண்ணால் கூடும் எண்கோலங்கள்: தரம் 5 பிள்ளையோடு இருந்து கற்றவை

மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமான ஆண்டில், கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் அவளோடு இருந்து மாதிரி வினாத்தாள்கள் செய்வித்தேன். அவளை அதிகம் களைப்படையச் செய்தவை எண்கோல வினாக்களே. ஐந்து, பத்து, இருபத்தைந்து எனக் கூடும் கோலங்களை வாயாலேயே சொல்லிவிடுவாள். ஆனால் 98 ஆலோ 125 ஆலோ கூடிச் செல்லும் கோலம் வந்தால், கொப்பியின் ஓரம் முழுவதும் கூட்டல்களால் நிறைந்துவிடும். முதலாம் வினாத்தாளின் 40 வினாக்களுக்கு ஒரு மணித்தியாலமே உண்டு என்பதால், ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடந்தான் கிடைக்கும். அவளோ ஒரே கோலத்தில் நான்கு நிமிடம் நின்றுவிடுவாள்.

ஒருநாள் அவள் எழுதியது இன்றும் கண்ணில் நிற்கிறது: 98, 196, 294, 392, 490, 588, 676, 774, 872. 588 உடன் 98 ஐக் கூட்டும்போது, பத்துகளின் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய ஒன்றை விட்டுவிட்டாள். அதன் பின் செய்த கூட்டல்கள் எல்லாம் சரியானவை. ஆயினும் விடைகள் எல்லாம் பத்தால் குறைந்திருந்தன. பிழையைச் சொல்லாமல், ஒவ்வோர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். “98, 96, 94, 92, 90, 88, 76…” என்று வாசித்தவள் அங்கேயே நின்று, “அம்மா, இது 86 எல்லோ வரவேணும்?” என்றாள்.

98 என்பது நூறுக்கு இரண்டு குறைவு. ஆகவே ஒவ்வொரு முறையும் நூறுகளின் பக்கம் ஒன்று ஏறுகிறது, கடைசி இரண்டு இலக்கங்களின் பக்கம் இரண்டு இறங்குகிறது. நாங்கள் அவற்றைத் ‘தலை’, ‘வால்’ என்று அழைக்கத் தொடங்கினோம். முதலில் வால்களை மட்டும் ஒரு வரியில் எழுதிவிட்டு, பிறகு தலைகளை முன்னால் சேர்ப்பாள், கூட்டலே தேவைப்படவில்லை. இந்த ஒழுங்கு எதுவரை செல்லும் என்று அவளாகவே கேட்டது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஐம்பதாவது எண் 4900. அங்கே வால் 00 ஆகிவிடுவதால், அடுத்த எண் 4998 இல் தலை 49 ஆகவே அசையாது நிற்கிறது. அந்த இடம் ஏன் அப்படி நிற்கிறது என்று விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு 99, 97, 198 ஆகியவற்றைத் தனித்தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

125 வேறு வகையானது. இங்கே வால் மூன்று இலக்கம்: 125, 250, 375, 500, 625, 750, 875, 000. எட்டு எண்களில் சுற்று முடிந்து, மீண்டும் அதே வால்கள் வருகின்றன, ஏனெனில் எட்டு 125 கள் ஓர் ஆயிரம். என் அம்மா தூள் நிறுக்கும்போது 125 கிராமை ‘அரைக்கால் கிலோ’ என்பார். அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. சமையலறைத் தராசில் அதை எட்டுத் தரம் நிறுத்துக் காட்டியபின், அந்த வால்களை மகள் மறக்கவேயில்லை. இதைப் போலவே 75 இல் 75, 50, 25, 00 என நான்கோடு சுற்று முடியும்.

17, 43 போன்றவற்றில் ஒன்றுகளின் இடத்தைப் பார்த்தால் போதும். அந்த இலக்கம் 1, 3, 7, 9 ஆக இருந்தால் பத்து இலக்கங்களும் வந்தபின்பே கோலம் திரும்பும். 2, 4, 6, 8 ஆக இருந்தால் ஐந்தோடு திரும்பும். 5 ஆக இருந்தால் இரண்டோடு திரும்பும்.

பெற்றோர் மிகக் கவனிக்க வேண்டிய பிழை வேறொன்று. “40 இல் தொடங்கி 125 ஆல் கூடும் கோலத்தின் இருபதாவது எண் யாது?” என்று கேட்டால், பிள்ளைகள் இருபது தரம் கூட்டி 2540 என்று எழுதிவிடுவார்கள். மகளும் பலமுறை அப்படியே எழுதினாள். சொல்லிச் சொல்லிப் பார்த்தும் பயன் இல்லாதபோது, அவளைப் பின்வளவுக் கதியால் வேலிக்கு அழைத்துச் சென்று, இருபது கதியால்களை எண்ணிவிட்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் காலடி வைத்து நடக்கச் சொன்னேன். முடிவில், “பத்தொன்பது தரந்தான் நடந்தனான்” என்றாள்.

திரும்பி வந்து அவள் கணக்கைச் செய்த விதம் நான் கற்பித்ததல்ல. எட்டு அடிக்கு ஆயிரம், பதினாறு அடிக்கு இரண்டாயிரம் என்று சொல்லி 2040 என எழுதினாள்; மிச்சம் மூன்று அடி என்று சொல்லி 2165, 2290, 2415 என முடித்தாள்.