உருகியது, உப்பியது, ஒட்டியது: ஒரு கேம்பர் கூரையின் கதை

ஊற்றினால் பிளாஸ்டிக் மாதிரி இறுகும் ரெசின் திரவத்தை ஃபோம் மேல் ஊற்றிவிட்டுப் பிரஷ்ஷை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் என் கேம்பரின், அதாவது பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொள்ளும் குட்டி வீட்டின், மூக்கில் ஒரு குழி விழுந்திருந்தது. இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து இழைத்த மூக்கு அது, பிக்கப்பின் கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய முன்வளைவு. சுடுசோற்றில் விட்ட நெய் மாதிரி ரெசின் உள்ளே இறங்க இறங்கக் குழி அகன்றது. துணியால் துடைத்தேன். துணியோடு ஃபோமும் பிசினாகக் கையோடு வந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். வலது பக்கம் மட்டும் ஏதோ கோளாறு என்று நினைத்து இடது பக்கமும் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன்.

சரி, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். டாலஸ் பக்கம் இருக்கிறோம். ஐந்தரை அடிப் பின்தட்டு உள்ள பிக்கப்பில் ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு கேம்பர். சுவர்கள் ப்ளைவுட், அதில் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு வார இறுதியில் முடிந்தது. கூரைதான் ஆளை உருக்கியது. நீளம் ஒன்பதரை அடி, அகலம் 6 அடி. எக்ஸ்.பி.எஸ். என்ற கெட்டி ஃபோமில் இரண்டு அங்குல ஷீட்டை இரண்டு அடுக்காக ஒட்டி, மழைத்தண்ணீர் வழிய நடுவில் மேடாக விட்டு, ஓரங்களை இழைத்து, மேலே கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த ஃபைபர் போர்த்துவது திட்டம். நம் ஊர் தெர்மாகோல் மணிமணியாக உதிரும். இது அப்படி இல்லாமல் ஒரே பிண்டமாக இருக்கும், நன்றாகச் செதுக்க வரும். இளஞ்சிவப்பு நிறத்தில் நான்குக்கு எட்டு அடி ஷீட் 4 போதும் என்று கணக்குப் போட்டேன். மூக்கு கரைந்த புண்ணியத்தில் 5 ஆனது.

எனக்கு ஃபைபர் என்றால் சித்தப்பாதான். நாகப்பட்டினத்தில் படகு ரிப்பேர் பார்க்கிறவர். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் வந்து இறங்கியபோது தொழிலைப் பிடித்துக்கொண்டார். போன் போட்டால், "ரெசின், மேட், கேட்டலிஸ்ட், கோபால்ட். இதுல என்னடா தம்பி பெரிய வித்தை?" என்றார். கடைசி இரண்டும் ரெசினை இறுகவைக்கும் சேர்மானங்கள். இங்கே ஒரு கார் உதிரிபாகக் கடைக்குப் போய், ஃபோம் மேலே போட எந்த ரெசின் என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பையன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், எல்லா ரெசினும் ஒன்றுதான் என்றான். இரண்டு பேரையும் நம்பி பாலியஸ்டர் ரெசினும், நறுக்கிய கண்ணாடி இழைகளை விரிப்பாக ஒட்டிய மேட்டும் வாங்கிவந்தேன்.

பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. எக்ஸ்.பி.எஸ். என்பதே பாலிஸ்டைரீன். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், சேர்ந்தால் கரைந்துதான் போவார்கள். அன்று ராத்திரி சித்தப்பாவிடம் சொன்னதும், "தெர்மாகோல் மேலயா ஊத்துன? பெட்ரோல்ல தெர்மாகோலப் போட்டா என்ன ஆகும்னு ஸ்கூல்லயே பாத்தது இல்லையா நீ?" என்று சிரித்தார். ஃபோம் என்று நான் சொன்னதை அவர் மெத்தைக் கடை மஞ்சள் ஃபோம் என்று எடுத்துக்கொண்டாராம். பாலியூரித்தேன் ஃபோம் பலகையாக இருந்தால் பாலியஸ்டர் அதை ஒன்றும் செய்யாது. பாலிஸ்டைரீன் என்றால் ஸ்டைரீன் இல்லாத எபாக்ஸி ரெசின்தான் நல்ல வழி. எனக்குச் செலவு மூன்று மடங்கு ஆனது. தீப்பெட்டி அளவு ஃபோம் துண்டில் நாலு சொட்டு விட்டுப் பார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம் அது.

மேட்டும் வீண். அந்த நறுக்கு இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் ஊறவைத்தால் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வளைவில் படியவே மாட்டேன் என்கிறது. நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையில் மேலே இரண்டு சுற்று, அடியில் ஒரு சுற்று போட்டேன். எல்லாம் சேர்த்து ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனருமாக 2 காலன் போனது.

புது மூக்கு ஒட்டி மறுபடி இழைக்க உட்கார்ந்தபோது அடுத்த பாடம். இரண்டு அடுக்கையும் ஒட்ட, ஈரத்தில் பொங்கி இறுகும் பாலியூரித்தேன் பசையைத் தாராளமாகத் தடவியிருந்தேன். காய்ந்தால் அது ஃபோமைவிடப் பல மடங்கு கெட்டி. மூன்றடிப் பலகையில் 40 நம்பர் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தால், பசைக்கோடு அப்படியே நிற்கிறது, அதன் இரண்டு பக்கமும் ஃபோம் மட்டும் பள்ளமாகிறது. புவியியல் புத்தகத்தில் மலையைக் காட்டக் கோடு கோடாகப் போட்டிருப்பார்களே, என் கூரை அந்தப் படம் மாதிரி இருந்தது. எங்கே இழைத்து ஃபோம் வெட்டுப்படப் போகிறதோ அந்த இடத்திலிருந்து மூன்று அங்குலம் தள்ளியே பசையை நிறுத்துங்கள். எனக்கு அந்த யோசனை வந்தபோது பசை காய்ந்து ஒரு வாரம். பிளேடால் கோட்டைக் கிளறி எடுத்து, எபாக்ஸியில் மைக்ரோபலூன் என்ற லேசான நுண்குமிழ்ப் பொடியைக் கலந்து பட்டி பார்த்தேன். அதற்கு மட்டும் நாலு சாயங்காலம்.

இழைத்த தூள் தனிக் கொடுமை. மின்னேற்றம் இருப்பதால் கை, முடி, புருவம் என்று எல்லாவற்றிலும் ஒட்டும், தட்டினால் போகாது. டிரைவ்வேயில் வைத்துத் தேய்த்தேன், காற்று அடித்தது. எதிர்வீட்டுப் புல்வெளியில் யாரோ இளஞ்சிவப்புக் கோலப்பொடியைக் கொட்டிவைத்த மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் நாள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம்: வீட்டு முன்னால் கட்டுமான வேலை கூடாது, 10 நாளில் அகற்றவும். குப்பைத்தொட்டியை ஒரு நாள் தாமதமாக உள்ளே எடுத்தாலே போட்டோவோடு கடிதம் அனுப்புகிறவர்கள். ஒன்பதரை அடிக் கூரையை விடுவார்களா? கராஜுக்குள் நகர்த்தினேன். மனைவியின் கார் வெளியே நின்றது. ஆகஸ்ட் வெயிலில் நின்ற சீட்டில் உட்காரும் ஒவ்வொரு முறையும் என் கூரைக்கு ஒரு அர்ச்சனை விழுந்தது.

வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று முதல் சுற்றுத் துணியைக் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். ஒரே கப்பில் அரைக் கிலோவுக்கு மேல் எபாக்ஸி கலந்துவிட்டு, துணியை நேராக்கிக்கொண்டு நின்றேன். பத்தே நிமிடம், கப் புகைய ஆரம்பித்தது. மொத்தமாக ஒரே இடத்தில் இருந்தால் அது தன் சூட்டிலேயே வெந்துபோகும். வெளியே தூக்கி வீசிவிட்டு, அடுத்ததைக் கொஞ்சமாகக் கலந்தேன். கலந்த உடனே அகலமான தட்டில் ஊற்றிவிட்டால் நிதானமாக வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. இங்கே கோடையில் மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்குவதை விவாதமே இல்லாமல் செய்யுங்கள்.

ஒருவழியாகத் துணி கண்ணாடி மாதிரி படிந்தது. பெருமையாகப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு இட்லி சாப்பிடப் போனேன். பத்து மணிக்குத் திரும்பி வந்தால் துணி அங்கங்கே பூரி மாதிரி உப்பியிருந்தது. காலையில் ஆரம்பித்தால் நேரம் போகப் போகச் சூடு ஏறும். இழைத்த மேற்பரப்பின் துளைகளிலும் ஒட்டுகளிலும் இருக்கும் காற்று விரிந்து, இறுகாத ரெசினைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சாயங்காலம் சூடு இறங்கும் நேரத்தில் போட்டால் அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உப்பிய இடங்களை அறுத்து, தேய்த்து, ஒட்டுப்போட்டேன். அடுத்த இரண்டு சுற்றும் மாலை ஆறு மணிக்கு மேல்தான். துணிக்கு முன்னால் மைக்ரோபலூன் கரைசலை மெல்லிசாக இழுத்துத் துளைகளையும் அடைத்துக்கொண்டேன். ஒரு குமிழ் இல்லை. விளக்கு வெளிச்சத்துக்கு வந்த விட்டில்பூச்சி ஒன்று மட்டும் மூக்கின் இடது ஓரத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

விளிம்பில் தொங்கும் துணியை வெட்டத்தான் சித்தப்பா சொன்னது கைகொடுத்தது. "முழுசா காயவிடாத. தோல் மாதிரி இருக்கும்போதே பிளேடால அறுத்துடு." முதல் சுற்றை மறுநாள் கிரைண்டரால் அறுத்துக் கை முழுக்கக் கண்ணாடித்தூள் ஏற்றி இரண்டு நாள் சொறிந்தவன் நான். இரண்டாம் சுற்றில் ஐந்து மணி நேரம் கழித்துக் கைவைத்தேன், பலாப்பழத் தோலைச் சீவுவதைவிடச் சுலபமாக வந்தது. அரிப்புக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடாதீர்கள். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் அப்புறம் வாசனைக்கே தோல் தடிக்கும் என்கிறார்கள்.

காய்ந்த எபாக்ஸி மேலே மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு படிந்திருந்தது. அதைத் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் பிடிக்க வேண்டும். வலது பக்கம் கழுவாமல் தேய்த்தேன். அங்கே மட்டும் பெயின்ட் தோல் உரிந்தது.

பெயின்ட் போடாமலும் விடமுடியாது, எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகிப் பொடியும். வண்டி கருநீலம் என்பதால் கூரைக்கும் அதே நிறம் வாங்கி வைத்திருந்தேன். எக்ஸ்.பி.எஸ். தாங்குவது ஏறக்குறைய 74 டிகிரி செல்சியஸ்வரைதான் என்று ஷீட்டின் விவரத்தாளில் படித்ததும், டெக்சஸ் வெயிலை நினைத்து வாயை மூடிக்கொண்டு வெள்ளைக்கு மாற்றினேன். மின்விசிறிக்கு 14 அங்குலச் சதுர ஓட்டை போட்டபோதும் ஒரு சறுக்கல்: ஸ்க்ரூ ஃபோமில் நிற்காது, சுற்றிலும் முன்பே மரச்சட்டம் புதைத்திருக்க வேண்டும். மூடிய கூரையை மறுபடி அறுத்து வைத்தேன். அறுத்தபோது ஒரு சந்தோஷம்: அந்தத் துண்டின் மேல் நான் ஏறி நின்றேன், நெளியக்கூட இல்லை.

கூரையை நானும் பக்கத்துத் தெரு நண்பரும் இரண்டே பேராகத் தூக்கிச் சுவர்மேல் உட்காரவைத்தோம். செப்டம்பர் கடைசியில் ஒரு இடிமழை. டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன், ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் சித்தப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்கு. ஒரு காசை எடுத்து வரிசையாத் தட்டிட்டே வா" என்றார். டக், டக், டக் என்று மூக்கிலிருந்து பின்பக்கம்வரை தட்டினேன். விசிறிக்குக் கொஞ்சம் முன்னால், "நில்லு, மறுபடி தட்டு" என்றார். டொப். ஒன்பதாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் போனில் கேட்டே கண்டுபிடித்துவிட்டார். "உள்ளங்கை அளவுக்குத் துணி ஃபோமைப் பிடிக்கல. சின்னதா ரெண்டு ஓட்டை போட்டு ஊசியால ரெசினை ஏத்து."

ஊசி வாங்கிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்.