ஹெய்கே குலத்தின் கடல்

ஜப்பானின் மியாஜிமா தீவில் படகை விட்டு இறங்கியபோது கடல் வற்றிக் கிடந்தது. படங்களில் தண்ணீர்மேல் மிதக்கும் சிவப்புத் தோரணவாயில் சேற்றில் நின்றது. ஓத நேரம் பார்க்காமல் வந்தது என் தப்பு. சரி, வந்தது வந்தாயிற்று என்று சேற்றில் நடந்துபோய்த் தூணைத் தொட்டுப் பார்த்தேன். கற்பூர மரம், அடியில் சிப்பி அப்பியிருந்தது. பதினாறு மீட்டருக்கு மேல் உயரம். ஆனால் மண்ணில் புதைக்கவில்லை, தன் கனத்திலேயே நிற்கிறது.

இங்கே தீவே தெய்வம். மண்ணில் கட்டத் துணியாமல் கரையோரக் கடலில் இட்சுகுஷிமா கோயிலை எழுப்பினார்கள். 1168 வாக்கில் இதை இவ்வளவு பெரிதாக்கியது தைரா கியோமொரி. தைரா குலத்துக்கு ஹெய்கே என்றும் பெயர். அரசவைப் பிரபுக்களுக்குக் காவல் நின்ற வாள்வீரர் பரம்பரையில் வந்தவர் கியோமொரி. 1159-இல் மினமோட்டோ குலத்தை அடக்கினார், 1167-இல் தலைமை அமைச்சரானார். மகளைப் பேரரசருக்குக் கட்டிக்கொடுத்தார். 1180-இல் பேரன் அன்தோகு அரியணை ஏறியபோது குழந்தைக்கு ஒன்றரை வயதுகூட நிரம்பவில்லை. கியோமொரியும் குடும்பத்தாரும் காணிக்கையாகத் தந்த பொன்னெழில் கொஞ்சும் பௌத்த சூத்திரச் சுருள்கள் இன்றும் இக்கோயிலின் சொத்து.

இங்குள்ள தேவியரில் ஒருவரைப் பென்சைதென்னாகவும் வழிபட்டிருக்கிறார்கள். வேறு யாருமில்லை, நம் சரஸ்வதிதான். ஜப்பானில் பல சிலைகளில் அவள் கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியம் இருக்கும். பக்கத்து தைகன்ஜி கோயிலில் உள்ள அவள் சிலைக்கு ஆண்டில் ஒரு நாள், ஜூன் 17 அன்று மட்டுமே தரிசனம். மூடிய சந்நிதிக்குத்தான் கும்பிடு போட்டேன். மாலையில் ஓதம் ஏறியது. நடைபாதைப் பலகைகளின் இடுக்கு வழியே கீழே தண்ணீர் தெரிந்தது.

மறுநாள் இந்தத் தீவு இருக்கும் உள்கடலின் மேற்கு முனைக்கு, ஷிமோனோசெகிக்குப் போனேன். கியோமொரி 1181-இல் காய்ச்சலில் இறந்தார். நாலே ஆண்டு. 1185 ஏப்ரல் 25 அன்று தன்-நோ-உரா நீரிணையில் மினமோட்டோ படகுகள் ஹெய்கேயைச் சுற்றி வளைத்தன. நீரோட்டம் திசை மாறியதே ஹெய்கேயைக் கவிழ்த்தது என்பார்கள். கூடவே சொந்த அணியிலிருந்து ஒருவர் கட்சி மாறியதும்தான். எனக்கென்னவோ, தோற்றவர்கள் தண்ணீர்மேல் பழி போடுவதே கௌரவம் என்று தோன்றுகிறது.

கியோமொரியின் மனைவி, பாட்டி தோகிகோ, ஆறு வயதுப் பேரன் அன்தோகுவைத் தூக்கிக்கொண்டு கடலில் குதித்தாள். அலைகளுக்கு அடியிலும் ஒரு தலைநகர் இருக்கிறது என்று குழந்தையைத் தேற்றினாளாம். அந்தக் குழந்தைக்கான கோயில்தான் அகமா ஜிங்கூ. வெள்ளை அடித்தளத்தின்மேல் சிவப்பு மண்டபமாக நிற்கும் வாசலைக் கடலடி நாகராஜன் மாளிகை மாதிரியே கட்டியிருக்கிறார்கள். பாட்டி சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார்கள். படியேறுகையில் தொண்டை அடைத்தது. இரண்டு முறை குனிந்து, இரண்டு தட்டு, மறுபடி ஒரு வணக்கம். அரசனிடம் என்ன வேண்டுவது? குழந்தையாயிற்றே. ஒன்றும் கேட்கவில்லை.

வளாகத்தின் ஓரத்தில், மர நிழலில் ஹெய்கே தரப்பினரின் நினைவுக்கற்கள் பதினான்கு, இரண்டு வரிசையாக. பக்கத்தில் சிறு கூடத்தில் ஹோயிச்சியின் சிலை. இந்தப் போரைப் பாடும் பார்வையற்ற பாணர். ஹெய்கே ஆவிகளே இரவில் வந்து அவரைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னதாகவும், கடைசியில் அவர் காதுகளைப் பிய்த்துக்கொண்டு போனதாகவும் கதை.

அவர் மடியில் இருந்தது பிவா. முந்தின நாள் மூடிய கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டவளின் வாத்தியம். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கீழே நீரிணையில் ஒரு கப்பல் சங்கொலித்துப் போனது.