ஃபயரிங் பின் முனையில் ஒரு நம்பர்

மைக்ரோஸ்டாம்பிங் என்றால் துப்பாக்கிக்குள் சிப் வைப்பது இல்லை. விசையை இழுத்ததும் தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசிதான் ஃபயரிங் பின். அதன் முனையில் லேசரால் நுண்ணிய எழுத்துகளைப் பொறிப்பார்கள். சுடும்போது அந்த ஊசி, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரில் மோதும், அந்த எழுத்துகள் அங்கே பதியும். வெளியே விழும் காலித் தோட்டா உறையைப் பார்த்து எந்தத் துப்பாக்கி என்று கண்டுபிடிக்கலாம் என்பது திட்டம்.

புது செமி-ஆட்டோமேடிக் கைத்துப்பாக்கி மாடல்களில் இது இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா 2007-லேயே சட்டம் போட்டது. நடைமுறைக்கு வந்தது 2013-ல். அதன்பின் பத்தாண்டுகள், அந்த வசதியோடு ஒரு புது மாடல்கூட மாநிலத்தின் விற்பனை அனுமதிப் பட்டியலில் ஏறவில்லை. துப்பாக்கி ஆதரவாளர்கள் "இது மறைமுகத் தடை" என்று கொதிப்பது இதனால்தான். 2023-ல் ஃபெடரல் நீதிபதி ஒருவர் அந்த நிபந்தனையை நிறுத்திவைத்தார். அதே ஆண்டே, இதை மறுபடி கட்டாயமாக்க 2028-ஐக் குறிவைத்து இன்னொரு சட்டம் வந்தது!

அவர்கள் சொல்லும் தொழில்நுட்பக் குறைகளில் நியாயம் இருக்கிறது. ஃபயரிங் பின் தேயும் பாகம், உதிரியாகவே விற்கிறது, மாற்றிவிடலாம். அதன் முனையில் கரி படிந்தால் எழுத்து மங்கும். ரிவால்வர் உறையை வெளியே தள்ளாது, சட்டமும் அதைத் தொடவில்லை. எண் தெளிவாகப் பதிந்தாலும் அது காட்டுவது துப்பாக்கியை வாங்கியவரை. திருட்டுத் துப்பாக்கி என்றால் சுட்டவர் வேறு ஆள். ஆனாலும் வெறும் உறையிலிருந்து வாங்கியவர் வரை போக முடிவது விசாரணைக்குச் சின்ன விஷயம் இல்லை, அதை இவர்கள் பேசுவதே இல்லை.