எலி நமக்கு சொந்தமாம்!

செம்பனை பழத்த எலி கொறிச்சு வச்சா எங்க தோட்டத்து மண்டோர் (மேஸ்திரி) அண்ணனுக்கு வர்ற கோவம் இருக்கே, அப்பப்பா! ஆனா 2001-ல மரபணுவ ஒப்பிட்டு பார்த்தவங்க, நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிங்கள நாலு பெரிய கூட்டமா பிரிச்சாங்க, அதுல எலி, முயல், குரங்கு, நாம எல்லாம் ஒரே கூட்டம்லா. வாசல்ல வாலாட்டுற நாய் வேற கூட்டம், மாடு, குதிரை, வௌவால் பக்கம் (திமிங்கலம் கூட அங்கதான்).

அழுங்கு (உடம்பெல்லாம் செதில் உள்ள பிராணி) கதை இன்னும் வேடிக்கை. தொட்டா சுருண்டுக்கும், பல்லே இல்ல, நீட்டு நாக்கு, பார்க்க தென்னமெரிக்கா எறும்புத்தின்னிக்கு தம்பி மாதிரி, ஆனா கிட்டத்து சொந்தம் பூனை, நாய், புலி வகையறாதான். ரெண்டும் எறும்பு, கரையான் தின்னு தின்னே வாய் ஒரே மாதிரி ஆயிருச்சு, அவ்ளோதான்.

யானைக்கு யாரு சொந்தம்னா கடல்பசுவாம், வீட்டுல சொன்னா ஒருத்தரும் நம்பல.