ரத்தப் பொரியலும் லேவியராகமமும்

நியாயப்பிரமாணம் இன்னும் செல்லுமா என்று யாரும் நேராக வந்து கேட்பதில்லை. "ஐயா, ஆட்டு ரத்தம் பொரிச்சுத் தின்னா பாவமா?" என்று கேட்பார்கள். கோயிலில் தரும் அப்பத்தையும் ரசத்தையும் பற்றி, "விலக்கான நாள்ல ராப்போஜனம் எடுக்கலாமா?" என்பார்கள். "வேதம் சனிக்கிழமையத்தானே ஓய்வுநாள்னு சொல்லுது, நாம ஏன் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறோம்?" என்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் சேகரத்து (ஒரு போதகரின் கீழுள்ள சபைகள்) வேலையில் இருப்பவர் உபதேசியாரானாலும் ஐயர் என்றழைக்கும் போதகரானாலும் வேதபாட வகுப்பு எடுப்பவரானாலும் இந்த மூன்றையும் தாண்டாமல் ஒரு வருஷத்தை ஓட்ட முடியாது. ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் முடித்தால் அடுத்த வாரம் அதே ஆள் வேறொரு வசனத்தோடு வாசலில் நிற்பார்.

முதல் இடறல் சொல்லிலேயே இருக்கிறது. நியாயப்பிரமாணம் என்பது ஆதியாகமம் முதல் உபாகமம் வரை மோசேயின் ஐந்து புத்தகங்கள். யூதர் அவற்றைத் தோரா என்பார்கள். அந்த எபிரெயச் சொல்லுக்குப் போதனை, வழிகாட்டல் என்று பொருள். கிரேக்கத்தில் அது 'நோமோஸ்' ஆனபோதே சட்ட வாடை ஏறிவிட்டது. தமிழில் நியாயப்பிரமாணம் என்றதும் கச்சேரி, வக்கீல், தீர்ப்பு எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. கத்தோலிக்கர் புழங்குகிற 'திருச்சட்டம்' என்ற சொல்லிலும் இதே கதைதான். சட்டம் என்று காதில் விழுந்தவுடன் அமலில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்ற கேள்வி தானாக எழும். ஆதியாகமம் முழுவதும் தோராதான். அதில் பெரும்பகுதி குடும்பக் கதை. யோசேப்பை அண்ணன்மார் விற்றதை ரத்து செய்வது எப்படி? வகுப்பின் தொடக்கத்தில் இதைச் சொல்லிவிட்டால் பாதிச் சூடு தணியும்.

அடுத்தது எண்ணிக்கை. யூத மரபு 613 கட்டளைகள் என்று கணக்கு வைத்திருக்கிறது. செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365. யூதப் போதகர்களின் பழைய நூலான தல்மூதில் ரபி சிம்லாய் சொன்ன கணக்கு அது. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிதீஸ் அவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார். பலி, ஆசாரியர், எருசலேம் தேவாலயம் சம்பந்தப்பட்டவற்றை கி.பி. 70-இல் ஆலயம் இடிந்த பிறகு யூதராலேயே செய்ய முடியாது. ஏழாம் வருஷம் நிலத்தைத் தரிசாகப் போடுவது இஸ்ரவேல் மண்ணுக்குரியது, தாமிரபரணிப் பாசனத்துக்கு உரியதல்ல. யூதரல்லாதவர் மேல் இந்த 613-ஐ யூதப் போதகர்கள் சுமத்துவதும் இல்லை. நோவாவின் வழியாக மனிதர் எல்லாருக்கும் வந்ததாக அவர்கள் எண்ணுபவை ஏழு கட்டளைகள் மட்டுமே. முழுத் தோராவையும் கைக்கொள்ளவேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வரும் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு இந்த ஒரு செய்தியே பெரிய ஆச்சரியமாக இருக்கும்.

இதற்குப் பிறகுதான் அப்போஸ்தலர் 15-க்குப் போகவேண்டும். ஏறக்குறைய கி.பி. 49-இல் எருசலேமில் கூடிய சபை, யூதரல்லாத புறஜாதியாருக்கு விருத்தசேதனம் வேண்டியதில்லை என்று தீர்த்து, நான்கு காரியங்களை மட்டும் விலக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். ஓய்வுநாள், பன்றி, பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் தசமபாகம் எதுவும் அந்தக் கடிதத்தில் கிடையாது. ஆனால் இரத்தம் இருக்கிறது! நம் பக்கத்து அடுப்பில் சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

ஆடு அறுக்கும்போது உப்புத் தண்ணீர் விட்ட பாத்திரத்தில் ரத்தத்தைப் பிடிப்பார்கள். உறைந்ததும் வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் மிளகாய் வற்றலும் தாளித்து, தேங்காய்ப்பூ போட்டு இறக்கினால் ரத்தப் பொரியல். ரத்தசோகைக்கு நல்லது என்று பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கிற வீடுகளும் உண்டு. அது பழைய ஏற்பாட்டுச் சடங்கு, ஒழிந்துபோயிற்று என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆதியாகமம் 9:4-இல் மோசேக்கு வெகுகாலம் முன்னரே நோவாவுக்குச் சொன்னது. லேவியராகமம் 17-இல் மறுபடி வருகிறது. அப்போஸ்தலர் கடிதத்திலும் வருகிறது. கிழக்கத்திய சபைகள் 692-இல் கூடிய துருல்லோ சங்கத்தில் இரத்தம் உண்பதை விதியாகவே தடுத்தன. மேற்கே அது தளர்ந்தது. நெருக்குண்டு செத்த சின்னப் பறவையைத் தின்னத் தயங்குகிற கிறிஸ்தவன் தன் காலத்தில் இல்லை என்கிற அளவுக்கு மேற்கத்தியச் சபைப் பிதா அகஸ்தீன் எழுதியிருக்கிறார். யூத விசுவாசியும் புறஜாதி விசுவாசியும் ஒரே பந்தியில் உட்கார்ந்த காலத்துக்காகச் சொன்ன விலக்கு அது என்பது அவருடைய விளக்கம். நம் சேகரங்கள் வந்தது மேற்கத்திய வழியில். ஆகவே பிரசங்கபீடத்திலிருந்து ரத்தப் பொரியலைப் பாவம் என்று அறிவிப்பது தவறு. அதற்காக மனச்சாட்சியில் உறுத்தல் உள்ளவரைப் பரிகாசம் பண்ணி ஒரு வாய் தின்னவைப்பதும் தவறுதான், ரோமர் 14-இன்படி அது இன்னும் பெரிய தவறு.

இதில் அடிக்கடி காணும் பிசகு ஒன்று உண்டு. பொரியலை விட்டவர், யூத முறையில் இறைச்சியிலிருந்து ரத்தத்தை எப்படி எடுக்கிறார்கள் என்று விசாரித்திருக்கமாட்டார். இறைச்சியை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கல்லுப்பைச் சுற்றிலும் அப்பி, ஒரு மணி நேரம் சரிவாக வைத்து வடியவிட்டு, மூன்று முறை அலசவேண்டும். ஈரலுக்கு உப்பு பத்தாது, நெருப்பில் வாட்டியே ஆகவேண்டும். பொரியலை விட்டுவிட்டு ஈரல் வறுவலை இரண்டாம் முறை வாங்குகிறவர் நியாயப்பிரமாணத்தின்படி பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. கோழியிலும் அப்படித்தான். கறிக்கடையில் கழுத்தை அறுத்து டிரம்மில் போடுகிற கோழிக்கு ரத்தம் வடிந்துவிடுகிறது. வீட்டில் கழுத்தைத் திருகிக் கொல்லும் நாட்டுக்கோழிதான் 'நெருக்குண்டு செத்தது' என்ற சொல்லுக்குள் சரியாக வருகிறது.

மீன் விஷயம் சீக்கிரம் முடியும். லேவியராகமம் 11 சிறகும் செதிலும் உள்ளதை மட்டும் அனுமதிக்கிறது. அப்படிப் பார்த்தால் உவரி, மணப்பாடு, இடிந்தகரையில் கரையேறும் இறால், நண்டு, கணவாய், திருக்கை, புட்டுக்கு வாங்கும் சுறா அத்தனையும் விலக்கு. உணவில் தீட்டில்லை என்று காட்டும் மாற்கு 7-ஐயும் அப்போஸ்தலர் 10-ஐயும் வாசித்தபின் இதில் வாதாடுகிறவர் குறைவு.

ஓய்வுநாள் அப்படியல்ல. இந்தச் சீமைக்கு அதில் சொந்தச் சரித்திரமே இருக்கிறது. 1857-இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு தனிச்சபை தொடங்கினார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கி, பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளையும் முறைமைகளையும் எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரன் கொடுத்த வழக்கத்தைவிட வேதத்துக்குள் இருக்கும் கீழ்த்திசை வழக்கம் நமக்கு நெருக்கம் என்பது அதன் உள்ளோட்டம். பின்னாளில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் இந்தப் பக்கம் வந்ததற்கும் இந்த ஓய்வுநாள்காரர்கள் ஒரு காரணம். ஆகவே சனிக்கிழமைக் கேள்வியை வெளியூர்க் குழப்பம் என்று ஒதுக்குவது, நம் வரலாறு தெரியாத பேச்சு.

கான்ஸ்டன்டைன் ராஜாதான் சனியை ஞாயிறாக மாற்றினான் என்ற பேச்சு நிறைய உலவுகிறது. அவன் 321-இல் போட்ட உத்தரவு நியாயமன்றங்களுக்கும் பட்டணத்துத் தொழில்களுக்கும் ஞாயிறன்று விடுமுறை கொடுத்தது, பயிர்வேலைக்கு விலக்கும் தந்தது. ஆனால் அதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னரே, ஏறத்தாழ 155-இல், கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடி வாசித்து ஜெபித்து அப்பம் பிட்டதை ஆதிச் சபைப் பிதா யுஸ்தீன் எழுதிவைத்திருக்கிறார். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள். அது ஓய்வுநாளின் இடமாற்றம் என்ற எண்ணத்துக்கு வழிசெய்தது நம் பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை நடத்துவதற்கு 'ஓய்வுநாள் பாடசாலை' என்று பெயர் வைத்துவிட்டு, பிள்ளை ஏன் சனிக்கிழமை இல்லை என்று கேட்டால் திகைத்து என்ன பயன்? சனிக்கிழமையைத் தோராவின்படியே அனுசரிப்பவருக்கு அது வெள்ளி சூரியன் மறையும்போது தொடங்கும். யாத்திராகமம் 35:3-இன்படி அன்று வீட்டில் நெருப்பு மூட்டக்கூடாது. சனி காலை அடுப்பில் இட்லிக் கொப்பரையை ஏற்றிவிட்டு ஞாயிறு ஆராதனைக்காரரைக் குற்றப்படுத்துவது சரியாக வராது. ஒருவர் சனிக்கிழமை ஆராதிப்பதில் குற்றமில்லை. மற்றவன் இரட்சிப்பை அதை வைத்து அளப்பதுதான் கொலோசெயர் 2:16 தடுப்பது.

சமீபத்தில் யூதப் பண்டிகையான பஸ்காவின் விருந்து நடத்துவதும் மேடையில் ஷோஃபார் என்ற ஆட்டுக்கொம்பு ஊதுவதும் பரவிவருகின்றன. ஊதட்டும். ஆனால் விருத்தசேதனமில்லாத ஒருவனும் பஸ்காவைப் புசிக்கக்கூடாது என்று யாத்திராகமம் 12:48 சொல்கிறது. விருத்தசேதனம் பண்ணிக்கொண்டவன் முழு நியாயப்பிரமாணத்துக்கும் கடனாளி என்று கலாத்தியர் 5:3 சொல்கிறது. பாதி வழியில் இறங்கிக்கொள்ள இந்த வண்டியில் நிறுத்தம் இல்லை.

ஐயர்மார் வழக்கமாகக் கையிலெடுப்பது மூன்று கூறாகப் பிரிக்கும் முறை. ஒழுக்கக் கட்டளை நிற்கும், சடங்குக் கட்டளை முடிந்தது, அரசாட்சிக் கட்டளை அந்த நாட்டுக்கு உரியது. ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் ஏழாவது இதைத்தான் சொல்கிறது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும்வரை நம் அத்தியட்சாதீனம் (பேராயரின் மண்டலம்) ஆங்கிலிக்கன் என்பதால் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. நல்ல கருவிதான், ஆனால் முனை மழுங்கியது. தோராவில் அந்த மூன்று பெட்டிகள் கிடையாது.

பவுல் செய்வது வேறு. போரடிக்கிற மாட்டை வாய்கட்டாதே என்பது உபாகமம் 25:4. மூன்று கூறில் இதை எங்கே வைப்பது? மாடு கட்டிச் சூடடித்த களங்களைப் பார்த்த கிழவர்களுக்கு இது உடனே விளங்கும். பிணையல் மாட்டுக்கு வாய்க்கூடை போடுகிற வழக்கம் நம்மிடமும் இருந்தது. பவுல் இந்த வசனத்தை 1 கொரிந்தியர் 9-இல் எடுத்து, உழைக்கிறவனுக்கு விளைச்சலில் பங்கு உண்டு என்பதற்கு ஆதாரமாக்குகிறார். கட்டளை எதைக் காக்கிறது என்று பார்த்து, அந்தக் காவலை இன்றைய ஆளுக்கு நீட்டுகிறார். இந்த வழியில் உபாகமம் 22:8 தானாகவே பேசும். புது வீட்டு மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, விழுந்தவன் இரத்தப்பழி உன் மேல் வரும் என்கிறது அது. தட்டட்டி என்னும் மொட்டைமாடியில் நெல்லோ வற்றலோ காயப்போட ஏறுகிற ஊரில், கைப்பிடிச்சுவர் இல்லாத தட்டட்டிக்குக் கிரகப்பிரவேச ஜெபம் பண்ணும்போது இந்த வசனத்தை வாசிக்கலாம்.

தசமபாகத்தில்தான் பிரசங்கியார்கள் வசமாக மாட்டிக்கொள்கிறார்கள். காலையில் நியாயப்பிரமாணம் முடிந்தது என்று பிரசங்கம், காணிக்கை நேரத்தில் தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10. தோராவில் தசமபாகம் தானியம், திராட்சரசம், எண்ணெய், மந்தையில் எடுப்பது, நிலச்சுதந்தரம் இல்லாத லேவியருக்குரியது. லேவியரும் அதில் பத்தில் ஒன்றைக் கொடுக்கவேண்டும். உபாகமம் 14 சொல்லும் தசமபாகத்தைக் கொடுத்தவனே குடும்பத்தோடு எருசலேமில் உண்டு சந்தோஷப்படவேண்டும். மூன்றாம் வருஷத்தது ஊருக்குள் பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவைக்கும் போகவேண்டும். சம்பளச் சீட்டில் பத்து சதவீதம் என்ற கணக்கு இதில் எங்கும் இல்லை. மனதில் நியமித்தபடி கொடுங்கள் என்ற 2 கொரிந்தியர் 9:7 போதும். கைப்பிடி அரிசி எடுத்துவைக்கிற நம் வீட்டுப் பெண்கள் அதைச் சத்தமில்லாமல் செய்துவருகிறார்கள்.

விலக்கான நாள் கேள்விக்கு, அதைத் தீட்டென்று சொல்லும் லேவியராகமம் 15-ஐ விளக்குவதைவிட மாற்கு 5-ஐ வாசித்துக்காட்டுவது நல்லது. பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கோடு இருந்தவள் தொட்டபோது இயேசு தீட்டுக் கழிக்கப் போகவில்லை, மகளே என்று கூப்பிட்டார். ராப்போஜனம் எடுக்கலாம். இதைத் தயங்காமல் சொல்லவேண்டும். ஐயரின் மனைவியான ஐயரம்மா வாயால் சொன்னால் இன்னும் எளிது.

வகுப்பில் பயன்படுகிற பயிற்சி ஒன்று: லேவியராகமம் 19. முப்பத்தேழு வசனம், சத்தமாக வாசிக்க ஐந்து நிமிஷம் ஆகும். ஆளுக்கொரு பென்சில் கொடுத்து, தான் கைக்கொள்வதற்கு நேரே கோடிடச் சொல்லவேண்டும். நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு என்பதற்கு எல்லாரும் கோடு போடுவார்கள். கலப்பு நூல் வஸ்திரம் வந்ததும் டெரிகாட்டன் சட்டையைப் பார்த்துச் சிரிப்பு எழும். உபாகமம் 22:11 ஆட்டுமயிரும் சணலும் கலந்ததையே சொல்கிறது என்று காட்டினால் அடங்கும். பிறனில் அன்புகூருவது 18-ஆம் வசனம், கலப்பு நூல் 19, இரத்தம் 26, பச்சை குத்துவது 28. மூன்று கூறாகப் பிரிக்கிறவர் இங்கே கை ஓய்ந்துபோவார். அந்நியனைச் சுதேசி போல எண்ணு என்ற 34-இல், கொத்தனார் வேலைக்கு வந்திருக்கும் வடக்கத்திப் பையன்களின் பேச்சு வரும். சுமுத்திரையான மரக்காலும் படியும் என்ற 36-இல் கடைக்காரர் தொண்டையைச் செருமுவார்.

அதிக நேரம் எடுப்பது 13. கூலிக்காரன் கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது. யாக்கோபு 5:4 இதைப் புதிய ஏற்பாட்டிலும் சொல்லிவிட்டதால் பழையது, முடிந்தது என்று தப்ப வழியில்லை. பிசான நெல் அறுப்புக்கு ஆள் விட்டவர், கட்டட மேஸ்திரி, பீடிக் கடைக்கணக்கு எழுதுகிறவர் எல்லாரும் அந்த வட்டத்தில் இருப்பார்கள். இங்கே ஆசிரியர் விளக்கம் சொல்ல அவசரப்படக்கூடாது. கொஞ்சம் பொறுத்தால், இலை குறைவாகக் கொடுத்துவிட்டு ஆயிரம் பீடி கேட்கிற கணக்கையும், கழிவு என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலி கழிக்கிற கணக்கையும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பீடி சுற்றுகிற அக்காவே எடுத்துவைப்பார்.