சின்ன கியரில் டார்பிஷர்

2024 ஜூன் 17, திங்கள்

இங்கிலாந்தின் டார்பிஷரில் அண்ணியோடு சைக்கிள் பயணம். டார்பியில் ரயில் ஏறும்போதே பிரச்சினை. சைக்கிள் வைக்கிற இடத்தில் ஒரு குழந்தை வண்டி. நான் விழித்துக்கொண்டு நிற்கும்போதே அண்ணி அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வண்டியையும் மடக்க வைத்துவிட்டார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. குரோம்ஃபர்டில் இறங்கும் வரை அந்தக் குழந்தை அண்ணியின் ஹெல்மெட் வாரைச் சப்பிக்கொண்டிருந்தது.

ஹை பீக் பாதை பழைய ரயில் பாதைதான். ரயில் போன பாதை என்றால் சமமாக இருக்கும் என்று நம்பி வருகிறவர்களுக்கு முதல் மைலிலேயே ஷீப் பாஸ்ச்சர் சரிவு பதில் சொல்லிவிடுகிறது. எட்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். 1830 வாக்கில் இதைப் போட்டபோது வண்டியோடு ஓடுகிற என்ஜின் இங்கே ஏறாது என்று மேலே ஒரு நீராவி என்ஜினை நட்டுவைத்து, பெட்டிகளைக் கட்டி இழுத்திருக்கிறார்கள். 1888-ல் இரண்டு பெட்டிகள் பிய்த்துக்கொண்டு இறங்கி, கீழே இருக்கும் கால்வாயையும் அதற்கப்பால் இருந்த பெரிய லைனையும் தாண்டிப் போய் விழுந்தன. அதற்கப்புறம் ஓடி வருகிற பெட்டியைப் பிடிக்க ஒரு குழி வெட்டினார்கள். அதற்குள் நொறுங்கிய பெட்டி ஒன்று இன்னும் துருவேறிக் கிடக்கிறது.

நான் தள்ளினேன். பின்னால் இரண்டு பைகளின் கனம் முன்சக்கரத்தைத் தூக்கிவிடப் பார்த்தது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது, விட்டு நாலு எட்டு வைப்பது, மறுபடி பிடிப்பது. அண்ணியின் பேட்டரி சைக்கிளில் தள்ளுவதற்கே ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் அதுவே நடக்கிறது. "என்னம்மா, நாய் மாதிரி கூடவே வருது பாரு" என்கிறார். அறுபத்திமூன்று வயசு. மூச்சு வாங்கவில்லை.

மிடில்டன் டாப்பில் 1829-ல் செய்த என்ஜின் அதே கட்டடத்தில் அப்படியே இருக்கிறது. கதவு பூட்டியிருந்தது.

அதே நாள், இரவு

என் சொலிசிட்டரிடமிருந்து (வீட்டு விற்பனையைப் பார்க்கிற வக்கீல்) ஃபோன் வரவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

மேலே வந்துவிட்டால் பாதை உண்மையிலேயே சமம். இரண்டு பக்கமும் காரை பூசாத கல் சுவர்கள், ஆடு, காற்று. மேற்கிலிருந்து முகத்துக்கு நேராக. ஜூன் நடுவில் கையுறை போட்டுக்கொண்டு மிதிக்கிறேன். ஹார்ட்டிங்டன் வரை அவசரமில்லை, தங்குமிடம் ஐந்து மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள். அதனால் பார்ஸ்லி ஹேயில் ஒரு தேநீரை ஒரு மணிநேரம் குடித்தோம்.

அந்த ஒரு மணிநேரமும் எனக்கு வேறு யோசனை. நான்கு வீடுகள், ஒன்றின் விற்பனை மற்றதோடு சங்கிலியாகக் கோத்திருக்கிறது. அடியில் ஒரு பையனும் பெண்ணும், முதல் வீடு வாங்குகிறார்கள், லோன் கடிதம் வரவேண்டும். அவர்களுக்கு விற்கிறவர் என் வீட்டை வாங்குகிறார். நான் ஒரு மாடி வீட்டை வாங்குகிறேன். அந்த மாடி வீட்டம்மா மகள் வீட்டுப் பக்கம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். நால்வரில் யார் தும்மினாலும் நால்வருக்கும் காய்ச்சல். இந்த ஊரில் விலை பேசி, சர்வேயர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, மாதக்கணக்கில் கடிதம் போய்க் கடிதம் வந்த பிறகும் ஒருவர் "வேண்டாம்" என்று எழுந்து போய்விடலாம். எக்ஸ்சேஞ்ச், அதாவது ஒப்பந்தப் பரிமாற்றம், ஆகும் வரை யாரையும் எதுவும் கட்டாது. ஸ்காட்லாந்தில் இவ்வளவு இழுபறி இல்லை என்று அண்ணன் சொல்வார். ஸ்காட்லாந்தில் நான் வீடு விற்கவில்லையே.

போன வாரம் என் வீட்டை வாங்குகிறவரின் சொலிசிட்டர் என் சமையலறைச் சுவரின் ஈரம் பற்றி மறுபடி கேட்டிருக்கிறார். மார்ச்சிலேயே பதில் அனுப்பியாயிற்று. அந்தச் சுவரில் ஈரம் இருப்பது உண்மைதான். அந்த ஜன்னலில்தான் கறிவேப்பிலை நிற்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"நீ கவலைப்பட்டா அந்தப் பையனுக்கு லோன் வந்துருமா?" என்றார் அண்ணி. வராது. ஸ்கோனை மட்டும் முடித்தேன்.

ஹார்ட்டிங்டன் ஹால் பதினேழாம் நூற்றாண்டு மாளிகை, இப்போது விடுதி. எங்கள் அறையில் அடுக்குக் கட்டில். மேல் கட்டில் எனக்காம்.

ஜூன் 19, புதன்

இன்றைக்கு வெயில். நேற்று எழுதியதைப் படித்தேன். சரி, விடு.

ஆர்பர் லோ, பழங்காலக் கல்வட்டம்: ஒரு பண்ணை முற்றத்தின் வழியாகத்தான் போகவேண்டும், சில்லறை போட ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். ஐம்பது சொச்சம் சுண்ணாம்புப் பாறைகள், வட்டமாக, எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. ஸ்டோன்ஹெஞ்சில் கயிற்றுக்கு வெளியே நிறுத்துவார்கள். இங்கே ஒரு ஆடு பாறையில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து யூல்கிரேவ் வரை பெரும்பாலும் இறக்கம். இறக்கத்தில் அண்ணிக்குப் பயம். ஏற்றத்தில் என்னை விட்டுப் போகிறவர் இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி, "முருகா, முருகா" என்று வருகிறார்.

யூல்கிரேவில் சனிக்கிழமை கிணறுகளுக்கு அலங்காரம். ஒரு கொட்டகையின் கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்த்தோம், உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கதவளவு மரப்பலகை, முன்னமே தண்ணீரில் ஊறப்போட்டது. அதன்மேல் உப்புக் கலந்து மிதித்த களிமண்; உப்பு போட்டால் ஈரம் நிற்குமாம். காகிதத்தில் வரைந்த படத்தை மேலே வைத்து ஊசியால் குத்தி, கோடுகளைக் களிமண்ணுக்கு இறக்குகிறார்கள். கோடு நெடுக ஆல்டர் மரத்தின் கறுப்புக் காய்கள், அதற்குள் நிறங்கள். இதழ்களைக் கீழ் வரிசையிலிருந்து மேலே, ஒன்றின் தலையை அடுத்தது மூடும்படி வைக்கிறார்கள். கூரை ஓடு போடுகிற முறை, மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். ஒரு பெரியவர் எனக்கு ஒரு ஹைட்ரேஞ்சா இதழைத் தந்து, கட்டைவிரலால் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டினார். நான் வைத்ததைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, எடுத்து மறுபடி வைத்தார். அண்ணி வைத்ததை எடுக்கவில்லை. மார்கழியில் வாசலடைத்துக் கோலம் போட்ட கை.

ஒரு வாரம் போல நிற்கும், அப்புறம் பிரித்துவிடுவார்கள்.

இங்கே கிணறு என்றாலும் நாம் நினைக்கிற கிணறு இல்லை; தெருக்குழாய், ஊர்த்தொட்டி. குடிதண்ணீர் வந்த நன்றிக்குச் செய்வது. தண்ணீர் என்றதும் நினைவு வந்தது, செடிக்கு ஞாயிறு காலை ஊற்றினேனா?

ஜூன் 20, வியாழன்

கான்க்ஸ்பரி பாலத்துக்கு இறங்கி, மறுகரையில் ஏறினோம். மிகச் சின்ன கியர், அதற்குக் கீழே கியர் இல்லை. நடக்கிற வேகம்தான், ஆனால் இறங்கவில்லை. அண்ணி மேலே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

பேக்வெல்லில் புட்டிங். கடைகளில் செர்ரி வைத்து விற்கிற அந்த வெள்ளைப் பூச்சு டார்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது அடுக்கு மாவுக்குள் ஜாம், மேலே முட்டையும் பாதாமும். பார்க்கச் சரிந்த மாதிரி இருக்கும். இரண்டு சாப்பிட்டேன்.

பிறகு மான்சல் பாதை. இதுவும் ரயில் பாதை, 1968-ல் மூடியது. சுரங்கங்களைச் சரிசெய்து 2011-ல்தான் திறந்தார்கள். ஹெட்ஸ்டோன் சுரங்கம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். உள்ளே விளக்கு எரிகிறது, சொட்டுகிறது, நுழைந்ததும் குளிர் முழங்காலைப் பிடிக்கிறது. அண்ணி நடுவில் நின்று "ஓய்" என்று கத்தினார். எதிரே வந்த பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் திருப்பிக் கத்தினார்கள். வெளியே வந்ததும் பாலம், கீழே வை நதி, சிக்னல் இரண்டு கோடு. அங்கேயே நின்று மின்னஞ்சல் பார்த்தேன். ஒன்றுமில்லை. நதியைப் பிறகுதான் பார்த்தேன்.

டைட்ஸ்வெல்லில் சாப்பிட நுழைந்த பப்பில் இங்கிலாந்து–டென்மார்க் கால்பந்து. கேன் கோல் போட்டதும் முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் தூக்கிவிட்டார். முடிவில் ஒன்றுக்கு ஒன்று. எல்லாருக்கும் முகம் தொங்கிவிட்டது. தோற்றிருந்தால்கூட இவ்வளவு திட்டியிருக்க மாட்டார்கள். பத்து மணிக்கும் வெளியே வெளிச்சம்.

ஜூன் 21, வெள்ளி

லிட்டன், ஃபூலோ, ஈயம். மூன்று ஊரும் பக்கம் பக்கம். ஃபூலோவில் ஒரு குளம், வாத்து, பெஞ்சு. தேர்தல் ஜூலை 4-ம் தேதி, ஒரு வீட்டுக்காரர் ஆரஞ்சு தட்டியையும் எதிர்வீட்டார் நீலத் தட்டியையும் நட்டிருக்கிறார்கள்.

ஈயத்தில் அதிகம் பேசவில்லை. 1665-ல் லண்டனிலிருந்து தையல்காரருக்கு வந்த துணிமூட்டையோடு கொள்ளைநோய் வந்தது என்பார்கள். மறுவருஷம் ஜூனில், பாதிரியார் மாம்பெஸன் சொல்லி ஊரே தன்னை அடைத்துக்கொண்டது. யாரும் வெளியே போவதில்லை, யாரும் உள்ளே வருவதில்லை. எல்லைக்கல்லில் குழி போட்டு வினிகர் ஊற்றி, அதில் காசை வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். அந்தக் கல் இன்னும் வயலில் இருக்கிறது. குழிக்குள் விரல் விட்டேன், ஓரங்கள் வழவழப்பாக இருந்தன. யாரோ இரண்டு பென்ஸ் போட்டிருந்தார்கள்.

ஊருக்கு வெளியே மேட்டில் ரைலி கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தானே இழுத்துப் போய்ப் புதைத்தார். அண்ணி வெளிச்சுவரிலேயே உட்கார்ந்துவிட்டார், உள்ளே வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

நாலு ஐம்பதுக்கு ஃபோன். சொலிசிட்டர் இல்லை, அவருடைய உதவியாளர். "திங்கட்கிழமை ஏதாவது தெரியும்" என்று சொல்லத்தான் கூப்பிட்டாராம். எது தெரியும் என்று கேட்டால், திங்கட்கிழமை தெரியும் என்கிறார்.

ஜூன் 22, சனி

பக்கத்து வீட்டுப் பெண் செடியைப் படம் எடுத்து அனுப்பினாள். பச்சையாகத்தான் இருக்கிறது. ஒரு கொத்து குறைகிறது என்று தோன்றுகிறது.

ஜூன் 23, ஞாயிறு

கேஸில்டன். திருவிழாக் கூட்டம், கார் மேல் கார். வின்னட்ஸ் கணவாய் பக்கம் போகவே இல்லை, ஐந்துக்கு ஒன்று என்று பலகை போட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் மாம் டார் அடியில் இருக்கும் செத்துப்போன சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினோம். மலை சரிந்துகொண்டே இருந்ததால், போட்டுப் போட்டுப் பார்த்து 1979-ல் கைவிட்ட சாலை. நடுக்கோட்டு வெள்ளை இன்னும் தெரிகிறது. கோடு ஒரு மட்டத்தில் போய், ஆள் உயரம் கீழே இறங்கி, மறுபடி தொடர்கிறது. உடைந்த இடத்தில் தார் அடுக்கடுக்காகத் தெரிகிறது, ஒவ்வொரு முறை ரிப்பேர் செய்ததும் ஓர் அடுக்கு. என் சமையலறைச் சுவரைக் குறை சொன்ன சர்வேயரை இங்கே கூட்டிவர வேண்டும்.

"வாங்கிட்ட பிறகு அந்த மாடி வீட்டுல எங்கடி சைக்கிளை வைப்ப?" என்றார் அண்ணி, திடீரென்று.

படிக்கட்டுக்குக் கீழே. அளந்து பார்த்தாயிற்று. தெற்கு ஜன்னல்தான் இல்லை.

ஜூன் 24, திங்கள்

இன்றைக்குச் சூடு ஏறும் என்கிறார்கள். அண்ணிக்கு எடேல் வரை போய், அங்கிருந்து ரயில் பிடிக்க ஆசை. நடுவில் ஏற்றம் ஒன்று இருக்கிறது, பேட்டரி இரவு முழுக்கச் சார்ஜ் ஏறியிருக்கிறது, என் காலுக்குத்தான் அப்படி ஒரு வசதி இல்லை. சொலிசிட்டர் ஆபீஸ் ஒன்பதுக்குத் திறக்கும். ஒன்பது ஐந்துக்கு நானே கூப்பிடப் போகிறேன். அண்ணி வேண்டாம் என்கிறார், அவர்களே கூப்பிடட்டும், நீ போனால் மேட்டில் நின்று அழுதுகொண்டிருப்பாய் என்கிறார். மணி எட்டு நாற்பது. முட்டை வந்துவிட்டது.